கண்ணுக்குப் போட்ட மார்க்

எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவின் அந்தப் பக்கம், ஒரு மின்கம்பம் இருக்கிறது. போன வருடம் வெயில் காலம் தொடங்கும்போது, அந்தக் கம்பம் காலை வேளைகளில் மட்டும் இடுப்பை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். நான் எழுந்து காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் நிமிர்ந்திருக்கும்.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயம் கண்ணில் பட்டால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். கண்டுபிடித்த காரணம் தப்பாக இருந்தாலும் விடமாட்டேன். இரவுக் குளிரில் கம்பத்துக்குள் இருக்கும் கம்பி சுருங்குகிறது, வெளியே இருக்கும் சிமெண்ட் சுருங்க மறுக்கிறது, அதனால் வளைகிறது, வெயில் ஏறியதும் இரண்டும் சமாதானமாகி நிமிர்ந்துவிடுகின்றன என்று முடிவு செய்தேன். திருத்தணியில் பங்குனி மாதத்தில் இரவுக் குளிர் எங்கே இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மின்வாரிய ஆபீசுக்குப் போன் செய்தேன். லைன்மேன் ஒருவர் மத்தியானம் வந்து, கம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லாத்தானே கீது சார்."

"இப்ப நல்லாத்தான் இருக்கும். காலையில வந்து பாருப்பா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். "ஆங், வரேன் சார்" என்று மிகவும் மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை.

அடுத்த நாள் காலை என் மனைவி என்னை எழுப்பாமல், நான் படுத்திருக்கும் விதத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கண் விழித்துக் கம்பத்தைப் பார்த்து, "பாரு, வளைஞ்சிருக்கு" என்றேன். அவள் என் தலைக்கு அடியிலிருந்த தலையணையை ஒரே இழுப்பாக உருவினாள். கம்பம் நிமிர்ந்துவிட்டது.

"ஏங்க, நீங்க ஒருக்களிச்சுப் படுத்து இடது கண்ணைத் தலையணைக்குள்ள புதைச்சிக்கினு, ஒத்தைக் கண்ணால பாத்தா எப்படிங்க நேரா தெரியும்?"

எழுந்து உட்கார்ந்து இடது கண்ணை மூடினேன். கம்பத்தின் நடுப்பகுதி வளைந்தது மட்டுமல்ல, அங்கே ஒரு துண்டு காணாமலே போயிருந்தது. வலது கண்ணை மூடினேன். கம்பம் யோக்கியமாக நின்றது. இத்தனை நாளும் வளைந்திருந்தது என் வலது கண் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு சிமெண்ட் கம்பத்தின் மேல் புகார் கொடுத்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் பயமாகவும் இருந்தது. ஆனால் அன்று பயத்தை அப்படியே ஓரமாக வைத்தோம். இட்லி சாப்பிட்டோம்.

சென்னையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போவது என்று முடிவானது. எங்கள் இருவருக்கும் துணைக்கு வந்தவர் என் மனைவியின் தம்பி. பள்ளிப்பட்டில் முட்டை மொத்த வியாபாரம் செய்கிறார். அந்தப் பக்கம் தெலுங்கு கலந்த பேச்சு என்பதால் அவருக்கு அப்பா 'நைனா'; அக்காள் புருஷனான நான் கல்யாணமான நாளிலிருந்து 'பாவா'. எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. எனக்கு முட்டையின் மஞ்சள் கரு பிடிக்காது. வெள்ளையை மட்டும் சாப்பிட்டுவிட்டு மஞ்சளை இலை ஓரத்தில் உருட்டி வைத்துவிடுவேன். கல்யாண மறுவீட்டு விருந்தில் அப்படி வைத்ததைத் தன் தொழிலுக்கே செய்த அவமரியாதையாக அவர் எடுத்துக்கொண்டார். இன்றுவரை அதிலிருந்து அவர் இறங்கி வரவில்லை.

மருத்துவமனையில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரிய வைத்து, பல இயந்திரங்களுக்கு முன்னால் தாடையை வைக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். என் மகளைவிட இளையவராகத் தெரிந்தார்.

"விழித்திரையோட நடு மையத்துல சின்னதா ஒரு ஓட்டை விழுந்திருக்கு சார். வயசானா சில பேருக்கு வரும். ஆபரேஷன் பண்ணி மூடிடலாம். உள்ள ஒரு வாயுக் குமிழி விடுவோம். குமிழி எப்பவும் மேல எழும்பும் இல்லையா, நீங்க முகத்தைக் கவுத்துகிட்டு இருந்தா அது நேரா போய் ஓட்டையை அழுத்திக்கும். ஒரு வாரம் குனிஞ்சே இருக்கணும்."

"தூங்கறப்பவுமா?"

"தூங்கும்போதும்."

"சாப்பிடறப்ப?"

"அப்ப கொஞ்ச நேரம் நிமிரலாம். ஆனா சீக்கிரம் சாப்பிடணும்."

மைத்துனர் பின்னாலிருந்து, "அத நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றார். என்னை யாரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் போவது போல் இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். அங்கேதான் கதை ஆரம்பித்தது. டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் அதே விஷயத்தில்தான் ஆராய்ச்சி செய்கிறாராம்.

"விழித்திரை மையத்துல மஞ்சளா ஒரு நிறமி இருக்கு சார். நம்ம உடம்பு அதைத் தானா தயாரிக்காது. கீரை, மக்காச்சோளம், முட்டை மஞ்சள் கரு, இதுலேருந்துதான் போய் அங்க சேருது. நீல வெளிச்சத்துல கண்ணைப் படம் எடுத்தா, மஞ்சள் இருக்கிற இடம் நீலத்தை முழுங்கிடும், படத்துல கறுப்பா விழும். எவ்வளவு கறுப்போ அவ்வளவு நிறமி. இந்த அளவை ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுத்து வெச்சா, அப்புறம் பார்வை எவ்வளவு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு பாக்கறோம். நீங்க சம்மதிச்சா உங்க கண்ணையும் சேர்த்துக்கறேன்."

முட்டை மஞ்சள் கரு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்த கணத்தில் என் மைத்துனர் எழுந்து நின்றுவிட்டார்.

"டாக்டர், இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அவர் இன்னொரு வாட்டி சொன்னார். மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முப்பது வருடத்து மறுவீட்டு இலை அப்படியே இருந்தது.

சம்மதித்தேன். நீல வெளிச்சம் கண்ணுக்குள் வந்து போனது. சற்று நேரத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்து டாக்டரம்மா சொன்னார்: "புள்ளி ரெண்டுக்குக் கொஞ்சம் மேல."

"எத்தனைக்கு?"

"எத்தனைக்கும் இல்ல சார். அது ஒரு அளவு, அவ்வளவுதான்."

"மேக்சிமம் இல்லாம எப்படிம்மா மார்க் போடுவீங்க?"

"இது மார்க் இல்ல சார்."

வாழ்நாள் முழுக்கப் பிறத்தியார் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவன் நான். ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு அது மார்க் இல்லை என்று சொன்னால் நம்புவேனா? நல்லதா கெட்டதா என்றாவது சொல்லச் சொன்னேன். கொஞ்சம் குறைவுதான், ஆனால் குறைவாக இருந்தால் பார்வை வராது என்று அர்த்தமில்லை, அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம் என்றார். ஓட்டை விழுந்து ரொம்ப நாள் ஆகவில்லை என்பது நல்ல விஷயம் என்றும் சொன்னார். அது என் காதில் விழவில்லை. பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கிய பையன்களிடம் 'உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது' என்று நான் சொல்வதுண்டு. இதுவும் அந்த வகை என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் மைத்துனர் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நல்ல கண்ணு இருக்கறவங்களுதும் உங்களுக்கு வேணுமா?"

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆரோக்கியமான கண்களும் தேவைப்படுகின்றன என்று டாக்டரம்மா பாவம் உண்மையைச் சொல்லிவிட்டார். மைத்துனர் போய்த் தாடையை வைத்தார். நீல வெளிச்சம் வந்து போனது. டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார்.

"புள்ளி ஏழு. ரொம்ப நல்லா இருக்கே. நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"முட்டை" என்றார் மைத்துனர். அவர் வாழ்க்கையில் அந்த ஒரு சொல்லை அவ்வளவு நிதானமாக உச்சரித்து நான் கேட்டதில்லை.

ரயிலில் திரும்பி வரும்போது, அரக்கோணம் தாண்டுவதற்குள் எங்கள் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் இரண்டு எண்களும் தெரிந்துவிட்டன. பூக்கூடையோடு ஏறிய ஒரு அம்மா என்னைப் பார்த்து, "பரவால்ல சார், கவலப்படாதீங்க" என்றார்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. இந்தப் பத்து நாளில் சாப்பிட்டு நிறமியைக் கூட்ட முடியாது, மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். என் மனைவி அதைத் தெளிவாகக் கேட்டுமிருந்தாள். இருந்தாலும் மறுநாளிலிருந்து பொன்னாங்கண்ணி பொரியல், முருங்கைக்கீரை அடை, முளைக்கீரை மசியல் என்று வீடே பச்சையாகிவிட்டது. பள்ளிப்பட்டிலிருந்து அட்டை அட்டையாக முட்டை வந்து இறங்கியது. மஞ்சள் கருவை நான் ஒதுக்க முடியாதபடி என் மனைவி அதைக் குழம்பில் கரைத்தாள், தோசைமேல் தடவினாள். ஒரு நாள் சேமியா பாயசம் சந்தேகத்துக்கு இடமான நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். பயந்தவன் சாப்பிடுவான். அவளும் பயந்துதான் சமைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மரத்துப்போக ஊசி போட்டார்கள், வலியில்லை. முடிந்த கணத்திலிருந்து குனிவு தொடங்கியது. எழுதிக் கொடுத்து அனுப்பிய எச்சரிக்கைகளை டாக்டரம்மா வாயாலும் ஒரு முறை சொன்னார்: கண்ணைத் தேய்க்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குமிழி கரையும் வரை விமானத்தில் போகக் கூடாது, மலைக்குப் போகக் கூடாது. உயரம் ஏற ஏறக் குமிழி பெரிதாகிக் கண்ணை உள்ளிருந்து அழுத்துமாம்.

"மலைக்கா?" என்றார் மைத்துனர்.

"ஆமா. மலைக்குப் போகவே கூடாது."

எனக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது. தரையில் மைத்துனரின் செருப்பு சட்டென்று நின்றது. எங்கள் விலாசத்தில் மலையடிவாரம் என்று எழுதியிருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலை நான் வீட்டு ஹாலில் ஸ்டூலில் உட்கார்ந்து மேஜைமேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் முட்டை வண்டி வந்து நின்றது.

"பாவா, கெளம்புங்க. நம்மூட்டுக்குப் போயிறலாம். டாக்டர் இன்னா சொன்னாங்க? மலை ஆவாதுன்னாங்க. நீங்க மலையிலயே குந்திகினு கீறீங்க."

"நான் எங்கய்யா மலையில இருக்கேன்? மலை அதோ அங்க இருக்கு. நான் கீழ இருக்கேன்."

"அடிவாரம்னா மலையோட காலு. காலு மலையில சேத்தி இல்லியா?"

நிமிர்ந்து உட்கார்ந்து வாதாட முடிந்திருந்தால் ஜெயித்திருப்பேன். நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் எந்த வாதத்திலும் ஜெயிக்க முடியாது. என் மனைவி ஏற்கெனவே பையில் துணி எடுத்து வைத்துவிட்டிருந்தாள். கண் விஷயத்தில் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் சொன்ன ஒரே காரணம்.

சின்ன லோடு வண்டியின் பின்பக்கத்தில் மெத்தை போட்டு என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. காலையில் திருத்தணிக் கடைகளுக்கு இறக்க வேண்டிய சரக்கு.

"இத ஏன் எறக்கல?" என்றேன் மெத்தைக்குள்.

"முட்டை இருந்தாத்தான் டிரைவர் மெதுவா ஓட்டுவான் பாவா."

"நான் இருந்தா மெதுவா ஓட்ட மாட்டானா?"

"நீங்க உடஞ்சா நான் அவன் சம்பளத்துல புடிக்க மாட்டேனே."

அதில் ஒரு நியாயம் இருந்ததாகவே பட்டது. உண்மையில் அவ்வளவு அலுங்காமல் நான் எந்த வண்டியிலும் போனதில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் டிரைவர் வண்டியை நிறுத்தி, யோசித்து, இறக்கி ஏற்றினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மெத்தையின் கோடுகளும் ஓர் ஓரத்தில் முட்டை அட்டையும்தான். வைக்கோல் வாசனை வந்தது. பிறகு கரும்புச் சோகை எரிக்கும் வாசனை. தெலுங்கில் யாரோ மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் பின்னந்தலையில் கை வைத்திருந்தாள், பாசத்தால் பாதி, நிமிர்ந்துவிடுவேனோ என்ற சந்தேகத்தால் பாதி.

பள்ளிப்பட்டில் மைத்துனர் எனக்கு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். இரண்டு பெஞ்சுகளைச் சிறிது இடைவெளி விட்டுப் போட்டு மெத்தை விரித்திருந்தார். குப்புறப் படுத்தால் முகம் சரியாக அந்த இடைவெளியில் வரும். கீழே தரையில் எனக்காகப் பேப்பரை விரித்து வைப்பார். நல்ல கண்ணால் படிக்கலாம். பக்கம் திருப்ப வேண்டுமானால் கூப்பிட வேண்டும். விளையாட்டுப் பக்கத்திலேயே ஒரு மத்தியானம் முழுக்கக் கிடந்திருக்கிறேன், எல்லோரும் தூங்கிவிட்டதால்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எனக்குப் பாதங்கள்தான். வந்தவர்கள் முதலில் தரையைப் பார்த்துப் பேச வேண்டுமா, என் முதுகைப் பார்த்துப் பேச வேண்டுமா என்று தெரியாமல் தடுமாறினார்கள். பிறகு என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். முகம் தெரியாத மனிதனுக்குக் காது இருக்கும் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. என்னைக் குறித்து மைத்துனர் வீட்டுத் தெருவில் நிலவிய கருத்துகளை அந்த வாரத்தில்தான் முழுமையாகத் தெரிந்துகொண்டேன். நான் கல்யாணத்தின்போது இதைவிட நல்ல நிறமாக இருந்தேன் என்பது அதில் ஒன்று. "மஞ்சக் கருவைத் துப்புவாராமே அந்த வாத்தியாரு, அவருதானா?" என்று ஒரு வெள்ளி மெட்டி கேட்டது. "ஆங், அவரேதான்" என்றது இன்னொரு மெட்டி.

மூன்றாம் நாள் படுத்துப் படுத்து நெஞ்சு வலித்ததால், தரையில் முழங்கால் போட்டு, கட்டில்மேல் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கொஞ்சம் ஆறுதலாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து அந்த ஊர்ப் போதகர் உள்ளே வந்தார். என் மனைவி வீட்டார் மூன்று தலைமுறையாக அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள். எனக்குக் கோயில் பழக்கம் கிறிஸ்துமசுக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும். நான் முழங்காலில் இருப்பதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"தொந்தரவு பண்ண வேணாம்" என்று மெல்லிய குரலில் சொன்னார். அடுத்து எனக்குப் பக்கத்தில் இரண்டு முழங்கால்கள் வந்து இறங்கின.

"பாஸ்டரய்யா, அது வந்து" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க நிறுத்த வேணாம் சார். நானும் சேந்துக்கறேன்."

நல்ல மனிதர். எனக்காக மனமுருகி ஜெபம் செய்தார். கண்ணுக்காக ஆரம்பித்து, என் நெடுநாள் அலட்சியத்துக்கு வந்து, நான் இப்போது திரும்பி வந்த வழிக்கு நன்றி சொல்லி, பள்ளிப்பட்டில் மழை இல்லாததையும் தொட்டு முடித்தார். என் கால்கள் மரத்துவிட்டன. எழ முடியவில்லை. நான் எழாததைப் பார்த்து அவர் இன்னும் ஒரு ஜெபம் ஏறெடுத்தார். மைத்துனர் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிடும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

அன்று மாலை வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்தார்கள்.

"அப்பா, வீட்டு நம்பருக்கு அடிச்சா யாரும் எடுக்கல. எங்க இருக்கீங்க?"

"உங்க மாமா வீட்ல. பள்ளிப்பட்டு."

"எதுக்கு?"

மைத்துனர் போனருகே குந்தி, மலை, அடிவாரம், வாயு, குமிழி எல்லாவற்றையும் விளக்கினார். மறுமுனையில் கொஞ்ச நேரம் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

"மாமா, கடல் மட்டத்துலேருந்து எவ்ளோ உயரம்னு இப்பப் பாத்தேன். நம்ம தெருவை விடப் பள்ளிப்பட்டுதான் மேடு."

மைத்துனரின் கை போனை எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி தரையில் வைத்தது.

"அந்த போன்ல தப்பா காட்டுது" என்றார் மைத்துனர்.

"ரெண்டு மூணுல பாத்தேன் மாமா."

"அப்ப பாவாவ நான் மேல ஏத்திகினு வந்துட்டனா?"

என் மனைவி உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் முழுவதையும் கேட்டார். சிரிப்பை அடக்குவதற்காக அவர் இருமியது போனில் நன்றாகவே கேட்டது. தான் சொன்னது ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலைகளை, திருத்தணித் தெருவும் பள்ளிப்பட்டும் கண்ணுக்கு ஒன்றுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு, "வண்டியில வரும்போது குனிஞ்சே இருந்தாரா?" என்று கேட்டார்.

"முட்டையத்தான் பாத்துகினு வந்தேன்" என்று தரையிலிருந்து சொன்னேன்.

போனை வைத்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மைத்துனர் மட்டும் என் பெஞ்சுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். இடைவெளி வழியாக அவர் பாதங்கள் தெரிந்தன. வலது கால் கட்டை விரலால் தரையில் இல்லாத எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கேலி செய்வதற்கு நல்ல நல்ல வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"நைனாவுக்குக் கண்ணு போனத நீங்க பாத்ததில்ல பாவா. உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டாரு. ஒரு பக்கமா தெரியலடான்னு சொல்லிகினே இருந்தாரு. நாங்க யாரும் கேக்கல. வயசாச்சு, அப்படித்தான்னு உட்டுட்டோம். அப்புறம் ரெண்டும் போச்சு. நான் சோறு பெசஞ்சு நீட்டினா, எந்தப் பக்கம்டா நீட்டறேன்னு கேப்பாரு."

கட்டை விரல் தேய்ப்பதை நிறுத்தியது.

"அதான், டாக்டர் ஒண்ணு சொன்னா நான் ரெண்டாக் கேட்டுக்கறேன். வேற ஒண்ணும் இல்ல."

வாக்கியங்களையெல்லாம் விழுங்கிவிட்டேன். "பேப்பர்ல பக்கம் திருப்பு" என்றேன். திருப்பினார். பிறகு அவரே கீழே உட்கார்ந்து, எனக்கு எட்டாத பொடி எழுத்துச் செய்திகளை உரக்கப் படித்தார். தமிழ் அவருக்குத் திக்கித் திக்கித்தான் வரும். நான் திருத்தவில்லை. பழக்கத்தை மீறி வாயை மூடிக்கொண்டிருப்பது குனிந்திருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வாரம் முடிந்து நிமிர்ந்தபோது கண்ணுக்குள் தண்ணீர்த் தொட்டி இருந்தது. நடந்தால் நீர்மட்டம் அலம்பியது. நாளுக்கு நாள் மட்டம் மாறி, குமிழி சிறுத்து, கடைசியில் ஒரு கடுகாகிக் காணாமல் போனது.

மாதங்கள் கழித்து முழுப் பரிசோதனைக்கு மறுபடியும் அதே டாக்டரம்மாவிடம் போனோம், மூன்று பேரும். ஆபரேஷனுக்கு முன் அந்தக் கண்ணுக்கு எழுத்துப் பலகையின் மேல் வரிசை மட்டும்தான் தெரிந்தது. மஞ்சள் அளவை வைத்து இரண்டு வரிசை கூடலாம் என்று அவர் கணித்திருந்தாராம். நான் படித்துக்கொண்டே இறங்கினேன். அவர் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. ஐந்தாம் வரிசையில்தான் தடுக்கினேன், அதிலும் ஒரு எழுத்தில்.

கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு வரைபடம். கீழே நிறமி அளவு, பக்கத்தில் கூடிய பார்வை. புள்ளிகள் ஒரு சாய்கோட்டை ஒட்டி எறும்பு போல் ஏறின. ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு விலகி, மேலே தனியாக நின்றது.

"அது நீங்க சார்."

என் வகுப்பில் ஒரு பையன் இப்படி ஒரு புள்ளி வைத்திருந்தால் அழித்துவிட்டுச் சரியாக வைக்கச் சொல்லியிருப்பேன். அதைச் சொன்னேன்.

"அழிக்க மாட்டோம் சார். கோட்டு மேலயே எல்லாரும் உக்காந்துட்டா நான் ஒண்ணும் கத்துக்க முடியாது. உங்க ஓட்டை சின்னது, சீக்கிரம் வந்துட்டீங்க, ஒழுங்கா குனிஞ்சீங்க. நிறமி மட்டும் போதாதுன்னு உங்க புள்ளி சொல்லுது."

மைத்துனருக்கு இதில் திருப்தி இல்லை. பத்து நாள் முட்டையைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா என்று கேட்டார். எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா மறுபடியும் எனக்கு நீல வெளிச்சம் காட்டினார். என் எண் கிட்டத்தட்ட பழையதுதான். மைத்துனர் விடாமல் தன்னையும் இன்னொரு முறை அளக்கச் சொன்னார். அவருக்குப் புள்ளி ஆறரை வந்தது.

"போன வாட்டி ஏழு போட்டீங்களே."

"ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்ன பின்ன வரும் சார். அது வித்தியாசமே இல்ல."

"அரை கொறைஞ்சிருக்கு. வித்தியாசம் இல்லைன்றீங்க. பாவா, நீங்க சொல்லுங்க, இதுக்கு மறுகூட்டல் போட முடியுமா?"

டாக்டரம்மா மூன்றாவது முறை அளந்தார். ஏழு வந்தது. மைத்துனர் முகத்தில் திரும்பி வந்த அமைதியை ஆபரேஷன் வெற்றி என்று சொன்னபோதுகூட நான் பார்க்கவில்லை. அத்தோடு நிறுத்தவில்லை. நல்ல கண்கள் இன்னும் வேண்டுமென்றால் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு வேன் ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்தபடி அழைத்தும் போனார். அவர்களில் சைவம் சாப்பிடும் ஒரு நெசவுக்காரருக்கு மைத்துனரைவிட அதிகம் வந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

பரிசோதனை முடிந்து மருந்துக்காக வராந்தாவில் காத்திருந்தோம். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, புதுக் கண்ணால் என் மனைவியைப் பார்த்தேன். முகம் முழுதாக வந்தது. மூக்கு மட்டும் லேசாக இடப் பக்கம் சாய்ந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் வளைவு இருக்கு" என்றேன். "உன் மூக்கு கோணலாத் தெரியுது."

அவள் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே சொன்னாள்: "அது பொறந்ததுல இருந்தே அப்படித்தாங்க. நீங்க இப்பத்தான் பாக்கறீங்க."

இடது கண்ணைத் திறந்து, வலதை மூடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.